ஆயுத பூஜைக்கு இழுப்பறையைக் காலி செய்யும் அலுவலகங்களுக்கு

கோவையில் இருக்கும் அலுவலக மேலாளர்கள், கண்காணிப்பாளர்கள், பள்ளி அலுவலகப் பொறுப்பாளர்கள், ஆடிட்டர் அலுவலகம் நடத்துபவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். உக்கடம் பக்கம் இருபத்தாறு ஆண்டுகளாகப் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலருடைய கட்டடத்துக்கு என் வண்டி வந்திருக்கும். வருடத்தில் மூன்று முறை எங்களுக்கு வேலை குவியும். மார்ச் கணக்கு முடிந்ததும் ஒரு தடவை, பரீட்சை முடிந்து நோட்டுகள் வரும்போது ஒரு தடவை, ஆயுத பூஜையை ஒட்டி ஒரு தடவை. மூன்றிலும் எங்களுக்குக் கஷ்டமானது ஆயுத பூஜைதான். மேசை, பீரோ, இழுப்பறை எல்லாம் ஒரே நாளில் காலியாகும். காலியானது எல்லாம் ஒரே மூட்டையில் வந்து சேரும். பூஜைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே இதை எழுதுகிறேன்.

போன ஆண்டு பூஜைக்கு மறுநாள் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த மூட்டையைப் பற்றிச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை; பாதி மூட்டைகள் அப்படித்தான் வருகின்றன. எடை கிட்டத்தட்ட நாற்பது கிலோ. மேலே நல்ல வெள்ளை ஏ4 தாள்கள். நடுவில் ஈர டீத்தூள், பொரி, வாடிய சாமந்தி. அதற்குக் கீழே தீர்ந்த பேனாக்கள், ஒரு பிரிண்டர் டோனர், மூடி கழன்ற குண்டூசி டப்பா. என்னிடம் பதினெட்டு வருடமாகத் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தாளை அள்ளக் கையை விட்டார். உள்ளங்கையில் மூன்று குண்டூசி ஏறியது. உதறிய வேகத்தில் டோனர் விழுந்து உடைந்து, கரித்தூள் அவர் முகத்திலும் அந்த வெள்ளைத் தாள்கள் முழுவதிலும் படிந்தது. டிடி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த நாற்பது கிலோவில் ஆலைக்குப் போனது பதினோரு கிலோ. மிச்சமெல்லாம் மாநகராட்சி வண்டியில் ஏறி வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குப் போனது.

வெள்ளலூர் கிடங்கு 2024 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததும், அந்தப் புகையில் சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே போய்ச் சேரும் தாளையும் பிளாஸ்டிக்கையும் நினைத்தால் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அந்த மூட்டையில் இருந்த பெரும்பாலான பொருளுக்குப் போக வேறு இடம் இருந்தது. தனித்தனியாக வந்திருந்தால் தாள் காகித ஆலைக்கும், டோனர் ரீஃபில் கடைக்கும், இரும்பு இரும்புக்கடைக்கும் போயிருக்கும். டீத்தூளை உங்கள் வாசல் செடிக்கே போட்டிருக்கலாம். ஒன்றாகக் கலந்த நிமிடத்தில்தான் அது குப்பையானது. கலந்தது என் கடையில் இல்லை, உங்கள் மேசையில். கலந்ததைப் பிரிக்க ஒரு பெண் தன் கையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மேசையில் பிரிக்க ஐந்து நிமிடம் போதும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காகிதம். எங்கள் தொழிலில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ அச்சான வெள்ளைத் தாளை ஒயிட் ரெக்கார்டு என்போம். அதற்கு மதிப்பு அதிகம். மையை நீக்கினால் மறுபடி எழுதும் தாளாகவே வரும். கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டி.என்.பி.எல். ஆலையில், பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் இருக்கிறது. கலர் தாள், பழுப்புக் கவர், அட்டை எல்லாம் கிராஃப்ட் ஆலைகளுக்குப் போய் அட்டைப்பெட்டிக் காகிதமாகும். காகித நார் ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் கொஞ்சம் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு தடவை வரை தாங்கும். வெள்ளைத் தாளை அட்டையோடு கலந்து போட்டால், இன்னும் சில தடவை எழுத்தைச் சுமந்திருக்க வேண்டிய தாள் நேராகப் பெட்டியாகிவிடுகிறது. டீத்தூள் பட்டால் பெட்டிகூட ஆகாது. ஈரத் தாள் கட்டுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ஆலை வாசலில் ஈரம் பார்க்கும் கருவியைக் கட்டுக்குள் குத்திப் பார்த்து எடையில் கழிப்பார்கள், அல்லது லாரியையே திருப்பி அனுப்புவார்கள்.

ஸ்டேப்ளர் பின்னைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தேவையில்லை. தாளைத் தண்ணீரில் போட்டுக் கூழாக்கும் தொட்டியில் கனமான இரும்பு அடியில் தங்கிவிடும். மிச்சத்தைச் சல்லடையும் காந்தமும் பிடித்துவிடும். ஆனால் குண்டூசியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஆலைக்கு அதனால் தொந்தரவு இல்லை, எங்கள் கைக்குத்தான். ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவை மேசை ஓரத்தில் வையுங்கள். குண்டூசி, துருப்பிடித்த கிளிப், உடைந்த பிளேடு, கட்டர் அலகு எல்லாம் அதில் போகட்டும். நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று எழுதிக் கொடுங்கள். பைண்டர் கிளிப்பும் ஜெம் கிளிப்பும் பத்து வருடம் உழைக்கும். அவற்றை எறிய வேண்டிய காரணமே இல்லை.

ஸ்பைரல் பைண்டிங்கின் சுருளையும் மேல் பிளாஸ்டிக் அட்டையையும் உருவிவிட்டால் உள்ளே இருப்பது ஒயிட் ரெக்கார்டு. உருவாமல் கொடுத்தால் எங்களிடம் மூலையில் கிடக்கும். ஆள் ஓய்வாக இருக்கும் நாளில்தான் பிரிப்போம், அந்த நாள் பெரும்பாலும் வராது. லேமினேட் செய்த தாளுக்கு விடிவே இல்லை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டிய தாளைக் கூழாக்கவும் முடியாது, பிளாஸ்டிக்காக உருக்கவும் முடியாது. மூன்று மாதத்தில் மாறப்போகும் சுற்றறிக்கையை எல்லாம் லேமினேட் செய்து ஒட்டாதீர்கள். கார்பன் தாளும் காகிதக் கட்டில் சேரக் கூடாது.

அப்புறம் பில் சீட்டு. ஏ.டி.எம்., கார்டு மெஷின், பெட்ரோல் பங்க், பார்க்கிங் என்று வரும் வழவழப்பான சீட்டைப் பலர் காகிதம் என்றே நினைக்கிறார்கள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. அந்தப் பூச்சில் பெரும்பாலும் பிஸ்ஃபீனால் என்ற, உடலுக்கு ஆகாத வகை ரசாயனம் இருக்கும். அதைத் தாளோடு கலந்தால் கூழில் இறங்கி அடுத்த காகிதத்துக்கும் போகும். நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்தச் சீட்டு. காகிதக் கட்டில் சேர்க்காமல் மக்காத குப்பையில் போடுங்கள். செலவுக் கணக்குக்கு வேண்டுமென்றால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வருட முடிவில் அது வெற்றுத் தாளாகத்தான் இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூட்டைகளில் மனிதர்கள் வருகிறார்கள். ஆதார் நகல், பான் கார்டு நகல், பாஸ்புக் முதல் பக்கம், சம்பளச் சீட்டு, மாற்றுச் சான்றிதழ் நகல், மருத்துவ அறிக்கை, கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள். ஒரு தடவை ஒரு பள்ளியின் சேர்க்கை விண்ணப்பங்கள் கட்டாக வந்தன. பிள்ளையின் போட்டோ, அம்மாவின் போன் நம்பர், வீட்டு முகவரி, அப்பாவின் வருமானம், எல்லாம் ஒரே பக்கத்தில். அவற்றை விற்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் உட்கார்ந்து இரவு பதினொரு மணி வரை கிழித்துத் தண்ணீர் டிரம்மில் ஊறப் போட்டேன். எல்லாக் கடையிலும் அப்படி நடக்கும் என்று நீங்கள் நம்பக் கூடாது. எடைக்கு வாங்கிய தாளைப் பலகாரக் கடைக்குக் கொடுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அச்சடித்த தாளில் தின்பண்டம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது; அச்சு மையில் இருக்கும் ரசாயனம் சூடான எண்ணெயில் இறங்கும். ஆனாலும் வடை மடித்த தாளில் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு எண்ணை நானே படித்திருக்கிறேன்.

ஆவணங்களை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்பை முடிக்கும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதிவிடுகிறீர்கள், ஓராண்டா, மூன்றாண்டா, பத்தாண்டா என்பது கோப்பின் தலையிலேயே இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைக்க வேண்டும். இந்தக் கெடுவைப் பார்த்துக் கழிப்பவர்கள் குறைவு. பயத்தில் இருபது வருடம் சேர்த்துவைத்து, இடம் போதாமல் ஒரே நாளில் எதையும் பார்க்காமல் தள்ளிவிடுகிறார்கள். தப்பு நடப்பது அந்த ஒரு நாளில்தான். ஆண்டுக்கு ஒரு முறை கெடு முடிந்ததை மட்டும் எடுத்தால் கையில் வருவது இரண்டு கட்டுதான், நிதானமாகப் பார்க்கலாம்.

அடையாளம் உள்ள பக்கங்களை ஷ்ரெட்டரில் போடுங்கள். அவற்றை மட்டும் போடுங்கள். எல்லாவற்றையும் நறுக்கினால் நல்லது என்று சில அலுவலகங்களில் கூட்டக் குறிப்பு, பழைய விலைப்பட்டியல் வரை நறுக்குகிறார்கள். நறுக்கும்போது நாரும் அறுபடுகிறது. துண்டுகள் காற்றில் பறக்கும், கட்டுக்கு நிற்காது, விலையும் குறையும். நறுக்கியதைத் தனிச் சாக்கில் வாயைக் கட்டிக் கொடுத்தால் நாங்கள் அப்படியே ஆலைக்கு ஏற்றுவோம். ஷ்ரெட்டர் இல்லாத சிறிய அலுவலகம் என்றால் ஒரு பக்கெட் தண்ணீர் போதும். ராத்திரி ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்தால் எழுத்து தெரியாத கூழாகிவிடும். காயவைத்துக் கொடுங்கள். மொட்டை மாடியில் கொளுத்தாதீர்கள். பாதி எரிந்த தாளில் பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும், கருகிய துண்டு அடுத்த தெரு வரை பறக்கும். வாங்கும்போதே ஆதாரின் முதல் எட்டு எண்களை மறைத்த நகலை வாங்கிக்கொண்டால், கழிக்கும்போது இவ்வளவு பயம் தேவைப்படாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன் என்பது நாளைக்கு யாரிடமும் பதிலாக நிற்காது.

கூடவே ஒன்று. அதிகாரி மாறினாலோ முகவரி மாறினாலோ பழைய ரப்பர் ஸ்டாம்பை அப்படியே போடாதீர்கள். ரப்பர் முகத்தைப் பிளேடால் குறுக்கே அறுத்துவிட்டுப் போடுங்கள். பழைய லெட்டர்பேடும் செக் இலையும் அதே போலத்தான்.

டோனர், இங்க் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் என்னிடம் கொடுக்காதீர்கள். வியாபாரி இப்படிச் சொல்வது வினோதமாக இருக்கும். டோனர் தூள் என்பது பெரும்பாலும் மிக நுண்ணிய பிளாஸ்டிக்கும் கரியும். மூச்சோடு உள்ளே போகும், துணியில் பட்டால் வெந்நீரில் இன்னும் ஒட்டிக்கொள்ளும், நெருப்பில் போட்டால் குப்பென்று பிடிக்கும். சிந்தினால் விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பிரிண்டரும் அதன் கார்ட்ரிட்ஜும் மின்னணுக் கழிவில் சேரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பெரிய அலுவலகங்கள் அவற்றைப் பதிவுபெற்ற தயாரிப்பாளர், பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். காயலான் கடையில் விற்பது அதில் வராது. முதலில் ரீஃபில் செய்யுங்கள். காலி ஆனதை அது வந்த கவரிலேயே போட்டு, அதே பெட்டியில் வைத்துவிட்டால் ரீஃபில் செய்பவர் வரும்வரை சிந்தாது. இனி ரீஃபில் ஆகாது என்றால் தயாரித்த கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். என் கடையிலும் ஒரு காலத்தில் பிரிண்டர்களை உடைத்து, வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் புகையில் நின்ற பையன் இருமிய இருமல் இன்னும் காதில் இருக்கிறது. நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன, இனி வாங்க மாட்டேன்.

பேட்டரியும் அப்படித்தான். சுவர்க்கடிகாரத்தின் பென்சில் பேட்டரி, கால்குலேட்டரின் பொத்தான் பேட்டரி, லேப்டாப் பேட்டரி, யு.பி.எஸ். பேட்டரி எல்லாவற்றுக்கும் 2022லேயே தனி விதிகள் வந்துவிட்டன. பொத்தான் பேட்டரியின் இரண்டு முகத்திலும் செல்லோடேப் ஒட்டுங்கள். லேப்டாப், பவர் பேங்க் பேட்டரியைக் காகித மூட்டையில் போட்டால், கட்டு அழுத்தும் இடத்தில் நசுங்கித் தீப்பிடிக்கும். பேப்பர் குடோனில் தீ என்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எல்.இ.டி. அல்லாத பழைய வகை ட்யூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டை உறையோடு மாநகராட்சி வண்டியில் 'அபாயக் குப்பை' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

பேனாவுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அறுபது பேர் இருக்கும் அலுவலகத்தில் ஆளுக்கு மாதம் இரண்டு என்று வைத்தால் வருடத்துக்கு 1,440 பேனா. உடல் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக், முனை பித்தளை, உள்ளே மை. ஒரு பேனாவைக் கழற்றிப் பிரிக்கும் கூலிக்கு அதில் எதுவும் தேறாது. எந்த ஆலையும் வாங்காது. ஆகவே பேனாவைச் சரியாகக் கழிக்கும் வழி என்பது வாங்கும் இடத்திலேயே இருக்கிறது. எழுதித் தூக்கி எறியும் பேனாவை டஜன் கணக்கில் வாங்காமல் ரீஃபில் மாற்றும் பேனா வாங்குங்கள். ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர் பழைய ரீஃபிலை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கட்டும். முன்பு எத்தனையோ அலுவலகங்களில் அப்படித்தான் இருந்தது, காலிக் குழாயைக் காட்டாமல் ரீஃபில் கிடைக்காது. ஒயிட்போர்டு மார்க்கருக்கும் மை பாட்டில் தனியாகக் கிடைக்கிறது.

கழிக்கும் முன்பு ஒன்று பாருங்கள், அது உண்மையிலேயே தீர்ந்ததா என்று. பாதி எழுதிய நோட்டு, ஒரு பக்கம் வெற்றாக இருக்கும் தாள், வருடம் மாறியதால் மட்டும் பழையதான டைரி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தால் புதிதாகிவிடும் அட்டை ஃபைல் எல்லாம் என் கடைக்கு வருகின்றன. புது டைரிகளை எடைக்கு வாங்கும்போது எனக்கு ஒரு சங்கடம் வரும். எடுத்து வைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், கணக்குப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு நல்ல தாள். நீங்களே உங்கள் பக்கத்து அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ கொடுத்தால் என்னிடம் வரவே வேண்டாம். கொடுக்கும் முன்பு பெயர் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

சரி, இந்த ஆயுத பூஜைக்கு என்ன செய்யலாம்? முந்தின வாரமே நான்கு அட்டைப்பெட்டி வையுங்கள், பெரிய எழுத்தில் எழுதி: வெள்ளைத் தாள், மற்ற காகிதமும் அட்டையும், ஊசி இரும்பு, ஆள் பெயர் உள்ள தாள். ஐந்தாவதாக ஒரு மூடிய டப்பா, டோனருக்கும் பேட்டரிக்கும். அது என்னிடம் வராது, உங்களிடமே இருக்கும். டீக்குப்பையும் பூவும் பொரியும் அந்தப் பெட்டிகள் பக்கமே வரக் கூடாது, அதற்கு மக்கும் குப்பைக் கூடை இருக்கிறது. இந்த வேலையை உங்கள் கட்டடத்தைக் கூட்டும் அம்மாவின் தலையில் கட்டிவிடாதீர்கள். அவரவர் மேசையை அவரவர் பிரிக்க வேண்டும். எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எழுதியவருக்குத்தான் தெரியும்.

எடை போடும்போது வெள்ளைத் தாளைத் தனியாகப் போட்டு அதற்குரிய விலையைத் தருகிறேன். மூட்டையாகக் கொடுத்தபோது கிடைத்ததைவிட அது கூடுதலாகவே வரும். இந்த முறை வண்டியோடு அந்த அக்காவும் வருவார். கை ஆறிவிட்டது. எந்தத் தாள் எந்தப் பெட்டிக்கு என்று உங்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் காட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார், இந்த ஊரில் அவரைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யாரும் எனக்குத் தெரியாது. அவருக்கு உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பேப்பர் கடைக்காரர்,
உக்கடம், கோவை.